அண்ணியிடம் நான் சொல்லாத ஒன்று

கைக்குழந்தைக்குச் சளி பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். குத்தாலத்துக்குப் பக்கத்தில் ஒரு துணை சுகாதார நிலையத்தில் ஒப்பந்தச் செவிலியராக இருக்கிறேன். எங்கள் ஊருக்கு வாய்க்கால் தாண்டி மூன்று கிராமங்கள் என் பொறுப்பு. ஸ்கூட்டியில் வீடு வீடாகப் போவேன். மூக்கடைத்தால் உப்புத் தண்ணீர்ச் சொட்டு விடுங்கள், தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்கள், ஒரு வயது முடியும்வரை நாக்கில் தேன் தொட்டு வைக்காதீர்கள், மூச்சு விடும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். கடைசியாக ஒன்று சொல்வேன். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் தானாக உயரும். "சாம்பிராணி போடாதீங்க. புகை புள்ளைக்கு ஆகவே ஆகாது."

உயராமல் என்ன செய்யும்? இங்கே பெண் குழந்தை என்றால் செவ்வாயும் வெள்ளியும் தலைக்கு ஊற்றுவார்கள். ஊற்றி முடித்ததும் கொட்டாங்குச்சி நெருப்பில் சாம்பிராணியைத் தூவி, குழந்தையின் ஈரத் தலையை அந்தப் புகையில் காட்டுவார்கள். சளி பிடித்துவிட்டால் இன்னும் விசேஷம். நெருப்பில் ஓமமும் பூண்டுத் தோலும் சேரும். காற்று பட்டால் சளி கூடிவிடும் என்று ஜன்னல், கதவு எல்லாம் சாத்தப்படும். பெரியவர்களுக்கே கண் எரியும் அந்த அறையில் ஏற்கெனவே மூச்சு முட்டுகிற குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். குழந்தை இருமும். சளி இளகுகிறது என்று சந்தோஷப்படுவார்கள்.

மார்கழியில் ஒரு வீட்டில் இதையெல்லாம் நான் சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அந்த வீட்டுப் பெண் முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ஒங்க வீட்டுல போட மாட்டீங்களா நர்சம்மா?"

"மாட்டோம்" என்றேன்.

அன்று செவ்வாய்க்கிழமை. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், என் வீட்டில், அதே நேரத்தில் என் மகளின் தலைக்குச் சாம்பிராணி போய்க்கொண்டிருந்தது. எனக்கு அது நன்றாகத் தெரியும்.

அப்போது அவளுக்கு எட்டு மாதம். பார்த்துக்கொண்டது அண்ணி, அதாவது என் கணவரின் அக்கா. கல்யாணமான நாலாம் வருடம் கணவனை இழந்து, பிள்ளையும் இல்லாமல், தம்பி வீட்டோடு வந்துவிட்டவர். நடவு, களையெடுப்பு என்று எந்த நாளும் வயலில் இருந்தவர். என் கணவருக்குச் சென்னையில் வேலை. ஆறு மாதப் பிரசவ விடுப்பு முடிந்தும் நான் திரும்பாவிட்டால் என் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும் என்ற நிலையில், "நீ போம்மா, புள்ளைய நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி, அந்த வருடச் சம்பா நடவுக்கே அவர் போகவில்லை. நடவுக்கு ஆள் கிடைக்காமல் ஊரே அல்லாடுகிற சமயம். கூப்பிட வந்தவர்களிடம் குழந்தையைத் தூக்கிக் காட்டி, "எனக்கு இங்கயே நடவு இருக்கு" என்று சிரித்தார்.

அவரிடம் எப்படிச் சொல்வது? நான் ஒன்று சொல்லப்போய், அவர் கோபித்துக்கொண்டு மறுநாள் வயலுக்குக் கிளம்பிவிட்டால் குழந்தையை யாரிடம் விடுவது? இப்படி நினைத்து நினைத்தே வாயை மூடிக்கொண்டேன். வாரத்தில் இரண்டு நாள்தானே, சும்மா ஒரு வாசனைக்குத்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். படித்த படிப்பு இந்த மாதிரி சமாதானம் தேடத்தான் நன்றாக உதவியது.

தை பிறந்தது. அறுவடை மெஷின்கள் வந்து இறங்கின. பகலெல்லாம் வைக்கோல் தூசி, விடிந்தால் பனி. குழந்தைக்கு மூக்கு ஒழுக ஆரம்பித்தது. இரண்டாம் நாள் மூக்கடைத்துப் பால் குடிக்க முடியாமல் திணறினாள். நான் உப்புத் தண்ணீர்ச் சொட்டு விட்டுவிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் வந்து தூக்கினால் தலையில் ஓம வாசனை, சட்டையில் பூண்டு வாசனை. அன்று செவ்வாயும் இல்லை, வெள்ளியும் இல்லை.

"தலைக்கு ஊத்தல, வெறும் புகை மட்டுந்தான் காட்டுனேன். புள்ளைக்கு நெஞ்சு கொறகொறங்குதுல்ல" என்றார் அண்ணி.

நான் அந்தச் சட்டையைக் கழற்றி வேறு சட்டை போட்டுவிட்டேன். அவ்வளவுதான் செய்தேன். அடுத்த இரண்டு நாளும் அதேபோல் சட்டையை மாற்றினேன். இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஐந்தாம் நாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது குழந்தையின் சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். விலாவுக்குக் கீழே குழி விழுந்து விழுந்து எழுந்தது. வாட்சைப் பார்த்து மூச்சை எண்ணினேன். அந்த வயதில் நிமிடத்துக்கு ஐம்பதை எட்டினாலே ஆபத்து என்று எத்தனை தாய்மாருக்குச் சொல்லியிருப்பேன். என் மகள் அறுபதைத் தாண்டிக்கொண்டிருந்தாள். சீருடையைக்கூட மாற்றவில்லை. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அண்ணி பின்னால் உட்கார, ஸ்கூட்டியில் மயிலாடுதுறைக்குப் போனோம். வழியெல்லாம் அண்ணி முந்தானையால் குழந்தையின் முகத்தைப் பனிக்கு மறைத்துக்கொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்தார். என் சீருடையையும் பார்த்தார்.

"வீசிங் இருக்கு. வீட்டுல விறகடுப்பு இருக்கா? கொசுவத்தி, சாம்பிராணி, ஏதாவது பொகை?"

"இல்ல மேடம்" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. சீருடை போட்டுக்கொண்டு, பெயர்ப்பட்டை குத்திக்கொண்டு, ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. என் குழந்தையின் மூச்சு அங்கே இழுத்துக்கொண்டிருக்கிறது, எனக்கு என் மானம் பெரிதாக இருந்தது.

டாக்டரம்மா ஏதோ எழுதினார். நர்ஸ் வந்து குழந்தையின் மூக்கிலும் வாயிலும் மாஸ்க் வைத்து மெஷினைப் போட்டாள். மருந்து வெள்ளையாகப் புகைபோலக் கிளம்பியது. குழந்தை வீறிட்டாள். அண்ணி அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், தனக்குத் தெரிந்த ஒன்றைக் கண்டுவிட்ட சந்தோஷத்தில் சொன்னார்.

"இதே மாதிரிதான் நானும் காட்டுறேன் டாக்டரம்மா, சாம்பிராணியில. ஓமம், பூண்டுத் தோலெல்லாம் போட்டு, கதவச் சாத்திக்கிட்டு. மூணு நாளாக் காட்டுறேன். எனக்குக் கேக்கல, ஒங்க மெஷினுக்குக் கேக்கும்போல."

டாக்டரம்மா அண்ணியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம். எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். பிறகு அண்ணியிடம் பொறுமையாகச் சொன்னார். இது புகை இல்லை, தண்ணீர் மாதிரி மருந்து. அது நெருப்புப் புகை. சின்னப் பிள்ளையின் மூச்சுக்குழாய் உள்ளே வீங்கிப்போகும், அதனால்தான் இப்படி இழுக்கிறது. இரண்டே நிமிடம் ஆகியிருக்கும். அண்ணி தலையை ஆட்டினார். முகம் செத்துப்போய்விட்டது.

இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். குழந்தை தேறிவிட்டாள். அந்த இரண்டு நாளும் அண்ணி கட்டில் ஓரத்தை விட்டு நகரவில்லை. வீட்டுக்கு வந்து குழந்தையைத் தொட்டிலில் போட்ட பிறகுதான் கேட்டார்.

"பொகை ஆகாதுன்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும் அண்ணி."

"அந்தப் பக்கத்து ஊருக்கெல்லாம் சொல்லுவியா?"

"சொல்லுவேன்."

"எனக்கு ஏன் சொல்லல?"

"நீங்க கேக்க மாட்டீங்கன்னு நெனச்சேன்."

"நீ சொல்லி நான் எதக் கேக்காம இருந்தேன்? தேன் தொட்டு வைக்காதீங்கன்னே, வைக்கல. கண்ணுக்கு மை வேணாம்னே, மைக்கூட்டத் தூக்கிப் போட்டேன். பால் பாட்டில வெந்நியில கொதிக்க வைங்கன்னே, வேலையத்த வேலைன்னு நெனச்சுக்காம மூணு வேளையும் கொதிக்க வச்சேன்." தொட்டிலை ஒருமுறை ஆட்டிவிட்டார். "கேக்க மாட்டேன்னு இல்ல. நான் கோச்சுக்கிட்டுப் போயிட்டா ஒன் வேல போயிடும்னு பயந்தே. அதுக்காக, என் கையாலயே புள்ளைக்கு மூச்ச அடைக்க வுட்டுட்டு, சட்டைய மாத்திக்கிட்டு இருந்திருக்கே."

சட்டை மாற்றியதை அவர் கவனித்திருக்கிறார்.

அண்ணி வயலுக்குப் போகவில்லை. நான் எதற்குப் பயந்தேனோ அது நடக்கவே இல்லை. மறுநாளும் நான் கிளம்பும்போது கையை நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டார். சோறு பொங்கினார், தாலாட்டினார். ஆனால் அன்றிலிருந்து குழந்தை விஷயத்தில் தானாக ஒன்றும் செய்வதில்லை. எல்லாவற்றுக்கும் கேட்கிறார். ரசம் விட்டுப் பிசையலாமா, வெயிலில் கொஞ்சம் காட்டலாமா, தலைக்கு ஊற்றலாமா. முதலில் என்னைக் குத்திக்காட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். அப்படி இருந்திருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசித் தீர்த்துக்கொண்டிருக்கலாம்.

போன வாரம் ஒரு வீட்டில் தடுப்பூசி அட்டை எழுதிக்கொண்டிருந்தபோது போன் செய்தார்.

"புள்ளைக்கு மூக்கு ஒழுவுது. முந்தானையால தொடைக்கலாமா, இல்ல நீ வர்ற வரைக்கும் அப்படியே வுடட்டுமா?"

குரலில் கிண்டல் இல்லை, பயம்தான் இருந்தது. துடையுங்கள் அண்ணி என்றேன். தன் வயிற்றில் பிறந்ததுபோல் வளர்த்த பிள்ளையின் மூக்கைத் துடைக்க அவரைப் பயப்பட வைத்தது சாம்பிராணி இல்லை, நான்தான்.