மேகத்துக்குள் கேட்ட ஐந்தாவது குரல்

மூடிவைத்த லேப்டாப்பின் முன் உட்கார்ந்து என் மகள் பேசுவாள். "கேக்குதா? நான் பேசுறது கேக்குதா?" என்று மெதுவாகக் கேட்பாள். பிறகு பதிலுக்குக் காத்திருப்பாள். பட்டப்பகலிலேயே நான் சாமி விளக்கை ஏற்றிவிடுவேன்.

அம்மனின் பிள்ளைகளே, அவள் என் ஒரே மகள், சுகன்யா. நான் ரிங்லெட் என்ற மலை ஊருக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். கோவிட் காலத்தில்தான் அவளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. முதல் இரண்டு வருடமும் தோட்டத்து லைன் வீட்டிலிருந்தே லேப்டாப்பில் படித்தாள். திரையில் யார் முகமும் இருக்காது, பெயர்கள் மட்டும்தான். எல்லாம் திறந்த பிறகு கோலாலம்பூருக்குப் போனவள், ஒரு செமஸ்டர்கூட முடிக்காமல் திரும்பி வந்தாள்.

"அங்க யாருக்குமே என்னைத் தெரியலம்மா" என்றாள். அதற்குப் பிறகு எங்களிடம் பேசுவதையே நிறுத்திவிட்டாள்; அந்த லேப்டாப்போடு மட்டும்தான் பேச்சு.

பேய் பிடித்திருக்கிறது என்றார்கள். மந்திரிக்க வைத்தேன், கயிறு கட்டினேன், ஒன்றும் ஆகவில்லை. கோயிலுக்குப் போய், "ஆத்தா, உனக்குக் கண்ணில்லையா? அவ குரலையாவது எனக்குத் திருப்பிக் குடு" என்று சண்டையே போட்டேன். நயமாகக் கேட்க எனக்கு வராது.

ஓர் ஆடி வெள்ளி. மலைச் சரிவில் நாங்கள் நாலு பெண்கள் பறித்துக்கொண்டிருந்தோம். மதியமே மேகம் இறங்கி, பக்கத்துச் செடிகூட மறைந்துவிட்டது. அப்போது காய்கறி லோரி ஓட்டும் என் வீட்டுக்காரர் வீட்டிலிருந்து போன் செய்தார்.

"பாப்பா வீட்ல இல்லலா. செருப்பு மட்டும் வாசல்ல கிடக்கு."

லைன் வீட்டுப் பாதை இந்தச் சரிவுக்குத்தான் வரும்; எங்களுக்குக் கீழே பெரிய பள்ளம். தொண்டை கிழிய அவள் பெயரைக் கத்தினேன். பதில் இல்லை. "ஆத்தா!" என்று மண்ணில் விழுந்துவிட்டேன்.

"யாரும் அசையாதீங்க. முதல்ல எல்லாரும் குரல் குடுங்க" என்றார் எங்கள் நாலு பேரில் மூத்தவரான லெட்சுமி அக்கா. மேகம் இறங்கினால் யாரும் தவறி விழுந்துவிடாமல் இருக்க, ஒவ்வொருவராகக் குரல் கொடுப்பது எங்கள் வழக்கம். அக்கா "ஓய்" என்றார். அடுத்தவள், அதற்கடுத்தவள், கடைசியாக நான்.

எனக்குப் பிறகு, பள்ளத்துப் பக்கமிருந்து இன்னொரு "ஓய்" வந்தது.

"நாம நாலு பேர்தான். அது பேய், பதில் சொல்லாதீங்க" என்று அக்கா கிசுகிசுத்தார்.

"அது என் பிள்ளை, அக்கா!" என்று செடிகளைப் பிடித்துப் பிடித்து இறங்கினேன். பள்ளத்து ஓரத்தில் வெறுங்காலோடு நின்றிருந்தாள். உடம்பு சில்லிட்டிருந்தது. இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

"எல்லாரும் குரல் குடுத்துட்டாங்க, இப்ப உன் முறைன்னு சொன்னாங்கம்மா" என்றாள்.

"யாருடி?"

"இங்க நின்னாங்களே, அந்தம்மா."

சுற்றிப் பார்த்தேன். வெள்ளை மேகம் மட்டும்தான் இருந்தது. அந்தப் பக்கம் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

மறுநாளே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். மன அழுத்தம், கோவிட்டுக்குப் பிறகு நிறைய மாணவர்கள் இப்படித்தான் வருகிறார்கள் என்றார் டாக்டர். அந்தம்மாவைப் பற்றி அவர் ஒரு விளக்கம் சொன்னார். சொல்லட்டும், யார் என்று எனக்குத் தெரியும். மாத்திரையை ஆத்தாள் காலடியில் வைத்து எடுத்துத்தான் கொடுத்தேன்.

உங்கள் வீட்டுப் பிள்ளையும் இப்படி வாயடைத்துப் போனால் பேய் என்று மூடி மறைக்காதீர்கள். ஆத்தாளிடம் அழுங்கள், டாக்டரிடமும் கூட்டிப் போங்கள். ஆத்தாள் கைவிட மாட்டாள்.

சுகன்யா மறுபடியும் கோலாலம்பூரில் படிக்கிறாள். அங்கே ஆலோசகரைப் பார்க்கிறாள், அறைத் தோழி ஒருத்தியும் இருக்கிறாள். நேற்று போனில் நான் ஓயாமல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன். "கொஞ்சம் வாயை மூடும்மா, நான் பேசணும்" என்றாள். அப்படிச் சொல்லி என்னிடம் இதுவரை யாரும் தப்பியதில்லை. ஆத்தாளுக்குக் கோடி நன்றி சொல்லி, வாயை மூடிக்கொண்டேன்.