சும்மா தந்த முகவரி

அந்தக் கம்பனிக்காரர் மேல் எனக்குள்ள கோபம் இன்னும் தீரவில்லை. அதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். கீழே எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, நான் அவர்களை மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

நான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். பிறப்பு, இறப்பு, விவாகப் பத்திரங்களைத் தமிழிலும் சிங்களத்திலும் இருந்து ஆங்கிலத்துக்கு மாற்றி, கீழே முத்திரை குத்திக் கையெழுத்து வைப்பது என் தொழில். ஓர்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டின் முன்னறைதான் என் கந்தோர். ஒரு மேசை, வருகிறவர்களுக்கு இரண்டு கதிரை, ஒரு அலுமாரி, ஒரு கணினி. கேற்றைப் பூட்ட மறந்தால் மான்கள் உள்ளே வந்து செவ்வரத்தைப் பூக்களையும், சில வேளைகளில் வாசலில் காயவைத்த கடித உறைகளையும் தின்றுவிட்டுப் போகும்.

கணினியைக் கொழும்பில் வாங்கினேன். அந்தக் காலத்தில் என் தகுதிக்கு மிஞ்சிய விலை. கடைக்காரர் அதைத் தட்டிக் காட்டி, "மிஸ், இதோட மெயில் அட்ரஸ், பைல் வைக்க இடம் எல்லாம் கம்பனியே தரும். லைஃப் டைம் ஃப்ரீ" என்றார். யாருடைய ஆயுள் என்று கேட்காமல் விட்டது என் பிழை. கம்பனியின் பெயரில் முடிகிற அந்த முகவரியைப் பெருமையோடு முத்திரையில் வெட்டுவித்தேன். கேற்றில் தொங்கிய பலகையில் எழுதுவித்தேன். கடிதத்தாளிலும் அச்சடித்தேன்.

அதோடு நின்றிருந்தால் இவ்வளவு கதையும் இல்லை. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மின்னஞ்சல் கிடையாது. வெளிநாட்டு விண்ணப்பங்களில் மின்னஞ்சல் கட்டத்துக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் போட்டிருப்பார்கள், நிரப்பாமல் விட ஏலாது. "இதுக்கு என்ன மிஸ் எழுதுறது?" என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். "என்ர அட்ரஸைப் போடுங்கோ. அது சும்மாதானே கிடக்குது" என்பேன். கடிதம் வந்தால் தொலைபேசியில் கூப்பிட்டு வாசித்துச் சொல்வேன். அதற்கு ஒரு சதமும் வாங்கியதில்லை. கிண்ணியா வியாபாரியின் மகனுக்குக் கட்டாரில் வேலை கிடைத்த கடிதம் என் பெட்டிக்குத்தான் வந்தது. தம்பலகாமத்து விவசாயியின் மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த கடிதமும் அப்படித்தான். "மிஸ்ஸிட்ட மெயில் இருக்கு" என்று ஊரில் கதைத்தார்கள். அதைக் கேட்க எனக்குச் சந்தோசமாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது, நன்றாகவே சந்தோசமாக இருந்தது.

அப்படி வந்தவர்களில் ஒருத்தி கட்டைபறிச்சானைச் சேர்ந்தவள். முப்பது வயதிருக்கும். அவள் வயிற்றில் பிள்ளை இருந்தபோது கடல் கடந்துபோன கணவனுக்கு ஐரோப்பிய நாடொன்றில் ஒருவழியாக விசா கிடைத்திருந்தது. மனைவியையும் மகளையும் அழைப்பதற்கு விண்ணப்பம் போட்டோம். எல்லாப் பத்திரமும் நான்தான் மொழிபெயர்த்தேன். மகளுக்கு அப்போது ஐந்து வயது. தகப்பனைத் தொலைபேசிக்குள் மட்டும் கண்ட பிள்ளை. நேர்முகத்துக்குக் கூப்பிடும்போது மின்னஞ்சலில் அறிவிப்போம் என்று அந்த நாட்டு அலுவலகம் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு அவள் மாதத்துக்கு ஒரு தரம் மூதூர் பஸ்ஸில் ஏறி, ஒரு சட்டி எருமைத் தயிரோடு என் வாசலில் வந்து நிற்பாள்.

"இதுக்கேன் பஸ்ஸில மினக்கெடுறீங்கள்? போன் எடுத்துக் கேட்டாச் சரிதானே" என்று ஒரு நாள் சொன்னேன்.

"போனில கேட்டா 'வரேல்ல' எண்டு ஒரு சொல்லோட முடிஞ்சிடும் மிஸ். வந்தா நீங்க பெட்டியத் திறந்து காட்டுவீங்கள். வரேல்ல எண்டதை நானே பாத்திட்டுப் போவன்" என்றாள்.

அப்படித்தான் ஒவ்வொரு மாதமும் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பி வைப்பேன். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் அந்த நாட்டின் பெயர் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு எழும்புவாள்.

இப்படி இருக்கையில்தான் கம்பனியின் முதல் அறிவித்தல் வந்தது. இவ்வளவு காலமும் சும்மா தந்த சேவைக்கு இனி மாதாமாதம் கட்டணமாம். சொல்லிக்கொள்வதில் அவர்களுக்கு மிகுந்த மகிழ்ச்சியாம். மகிழ்ச்சியாம்! எனக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறிவிட்டது. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் கணவர் விறாந்தையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். அவரிடம் போய்க் கத்தினேன்.

"கட்டிவிடுமன். ரெண்டு பிளேன்டீயும் ரோல்ஸும் திண்டால் முடியிற காசு" என்றார்.

"காசு இல்லைக் கதை! விக்கேக்க ஒண்டு, பிறகு ஒண்டா? வீட்டை வித்தவன் பத்து வருசம் கழிச்சு வந்து, கிணத்துத் தண்ணிக்கு மாசாமாசம் தா எண்டு கேட்டால் நீங்கள் குடுப்பீங்களோ?"

அவர் பேப்பரை மடித்தார். "எங்கட கிணறு எங்கட வளவுக்குள்ள இருக்கு. உம்மட இந்தக் கிணறு அவன்ர வளவுக்குள்ள எல்லோ இருக்கு?"

நான் தேநீர் வைக்கக் குசினிக்குள் போய்விட்டேன்.

கொஞ்சம் நிதானமாகவும் யோசித்துத்தான் பார்த்தேன். காசு கட்டினால் என்ன கிடைக்கும்? அதே பெட்டி, அதே கடிதங்கள். கூடவே எனக்குத் தேவைப்படாத ஏதேதோ: படங்கள் வைக்க இடம், குடும்பத்தோடு பகிர்ந்துகொள்ள இடம். நேற்றுவரை என்னுடையதாக இருந்ததை இன்று எனக்கே விற்கிறார்கள். கட்டாமல் வேறொரு இடத்தில் சும்மா கிடைக்கிற முகவரிக்கு மாறலாம்தான். ஆனால் முத்திரை, பலகை, கடிதத்தாள் எல்லாம் மாற வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. முப்பதுக்கும் மேற்பட்ட விண்ணப்பங்களில் என் முகவரி இருந்தது. முகவரி மாறிவிட்டது என்று அந்தந்த நாட்டுக் கந்தோர்களுக்கு யார் எழுதுவது? எழுதினாலும், இந்தக் கடிதத்துக்குப் பதில் அனுப்பாதீர்கள் என்று ஒரு இயந்திரம்தான் பதில் அனுப்பும். இதையெல்லாம் நினைக்க நினைக்க ஆத்திரம் கூடியதே தவிர, ஒரு முடிவும் எடுக்கவில்லை.

இரண்டாவது அறிவித்தல் தமிழில் வந்தது. தமிழா அது! "உங்கள் மேகம் நிரம்பி மகிழ்கிறது" என்று தொடங்கி, "உள்வரும் அஞ்சல் ஓய்வு பெறும்" என்று முடிந்திருந்தது. இருபது வருடமாக இதே தொழிலில் இருக்கிற எனக்கு எப்படி இருந்திருக்கும்? அச்செடுத்து, சிவப்புப் பேனாவால் பிழை திருத்தினேன். ஒரு பக்கத்தில் பதினேழு பிழை. பின்னேரத் தேநீரோடு கணவருக்கு வாசித்துக் காட்டினேன். "அஞ்சலுக்குப் பென்சனும் குடுப்பினமாமோ?" என்று அவர் கேட்க, எனக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது. அந்த வசனத்துக்கு என்ன பொருள், அதற்குக் கீழே போட்டிருந்த திகதி என்ன என்று நான் பார்க்கவில்லை. மூன்றாவது அறிவித்தலைத் திறக்கவே இல்லை.

பிறகு பெட்டி அமைதியாகிவிட்டது. விளம்பரம் இல்லை, தொந்தரவு இல்லை. பழைய கடிதங்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. நான் வாயைத் திறக்காமல் இருந்தே கம்பனியை அடக்கிவிட்டேன் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை. மட்டக்களப்பில் இதே தொழில் செய்கிற சிநேகிதி ஒருத்தி தொலைபேசியில் கூப்பிட்டு, "உங்களுக்கு அனுப்பிற மெயில் எல்லாம் திரும்பித் திரும்பி வருது, என்ன நடந்தது?" என்று கேட்டபோதுதான் எனக்கு விளங்கியது. அஞ்சல் ஓய்வு பெற்றுப் பதினாறு நாள் ஆகியிருந்தது.

சரி, கட்டித் தொலைப்போம் என்று உட்கார்ந்தால் கட்டவும் விடுகிறார்கள் இல்லை. என் வங்கி அட்டையை ஏற்க ஏலாதாம். வங்கிக்குப் போனேன். அங்கிருந்த பிள்ளை, "ஒன்லைனுக்கு ஓப்பின் பண்ணேல்ல அன்ரி" என்று ஒரு படிவத்தைத் தந்தது. அதை நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்தால், கட்டும்போது வங்கி அனுப்புகிற இரகசிய இலக்கம் நான் எப்போதோ கைவிட்ட பழைய தொலைபேசி இலக்கத்துக்குப் போகிறது. திரும்பவும் வங்கி, திரும்பவும் படிவம். மூன்றாம் நாள் ஒருவழியாகக் கட்டி முடித்தேன். அதோடு பெட்டி மூடிக் கிடந்தது பத்தொன்பது நாள். "எங்கள் குடும்பத்துக்கு வரவேற்கிறோம்!" என்று உடனே ஒரு கடிதம் வந்தது. வருடக்கணக்காக உள்ளே இருந்தவளை வாசலில் நிறுத்தி வரவேற்கிறார்கள். திரும்பிப்போன கடிதங்கள் மட்டும் வரவில்லை. அவை இனி வராது என்று உதவிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் போட்டிருந்தது.

அன்றைக்கே எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. இந்தப் பத்தொன்பது நாளுக்குள்தானா யாருக்கும் ஏதும் வந்திருக்கப்போகிறது, எத்தனையோ மாதமாக வராதது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெட்கம் என்பதுதான் உண்மை. அந்த மாதமும் கட்டைபறிச்சான்காரி வந்தாள். திரையைத் திருப்பிக் காட்டினேன். மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்தாள். "வரேல்ல என்ன மிஸ்?" என்றாள். "வரேல்ல" என்றேன். அவள் தந்த தயிரையும் வாங்கிக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தேன்.

இரண்டு கிழமை கழித்து, வரவேண்டிய நாளுக்கு முந்தியே வந்துவிட்டாள். கையில் தயிர் இல்லை. கதிரையில் உட்காராமல் நின்றபடியே, கணவன் அங்கே விசாரித்து அனுப்பியிருந்த குரல்பதிவைத் தொலைபேசியில் போட்டுக் காட்டினாள். அந்த நாட்டு அலுவலகம் அவளை நேர்முகத்துக்கும் மருத்துவச் சோதனைக்கும் கொழும்புக்குக் கூப்பிட்டிருக்கிறது. கடிதம் திரும்பிப் போயிருக்கிறது. மறுபடியும் அனுப்பியிருக்கிறார்கள், அதுவும் திரும்பியிருக்கிறது. கூப்பிட்டும் வராதபடியால் கோப்பை மூடிவிட்டார்களாம். தொடக்கத்திலிருந்து விண்ணப்பிக்க வேண்டுமாம். அந்த மனிதனின் குரல் கடைசியில் உடைந்து நின்றது.

"அட்ரஸ் பிழையாம் மிஸ்" என்றாள். "அண்டைக்கு நான் எழுதேக்க ஏதும் பிழைவிட்டிட்டனோ? என்ர எழுத்தும் வடிவில்லை."

அந்தக் கட்டத்தை அவள் எழுதவில்லை. நான்தான் என் கையால் எழுதியிருந்தேன். பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்ததையும் எழுதிவிடுகிறேன். கம்பனியில் பிழை என்று சொன்னால் அவள் நம்பியிருப்பாள். அது முழுப் பொய்யும் அல்ல.

எல்லாவற்றையும் சொன்னேன். அறிவித்தல் வந்தது, கோபத்தில் கட்டாமல் விட்டது, பிழை திருத்திச் சிரித்தது, போன தரம் அவள் வந்தபோது தெரிந்தும் மறைத்தது, எல்லாம்.

அவள் கதிரையில் உட்கார்ந்தாள். "எத்தின நாள் மிஸ்?"

"பத்தொன்பது."

"காசு கட்டாததாலயோ?"

"ஓம்."

"எவ்வளவு?"

சொன்னேன். அது அவள் ஒரு தரம் வந்துபோகிற பஸ் காசைவிடக் குறைவு.

அவள் சத்தம் போட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மேசையைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு ஒரு சொல் சொல்லியிருந்தா நான் கட்டியிருப்பனே மிஸ்" என்று மட்டும் சொன்னாள். அந்தக் கம்பனியாவது எனக்கு மூன்று தரம் அறிவித்தது. நான் இவளுக்கு ஒரு தரமும் அறிவிக்கவில்லை.

அடுத்த கிழமை முழுக்க, என் முகவரியைக் கொடுத்திருந்த ஒவ்வொருவரையும் கூப்பிட்டேன். சிலர் பரவாயில்லை என்றார்கள். கிண்ணியா வியாபாரி நன்றாக ஏசினார். வேறு யாருக்கும் கடிதம் தவறியதாகத் தெரியவில்லை. அது எனக்கு ஆறுதலாகவும் இருக்கவில்லை. தவறிய ஒன்று அவளுடையது.

புதிய விண்ணப்பம் நிரப்ப அவள் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். பிள்ளைக்கு இப்போது ஆறு முடிந்துவிட்டது, எல்லாப் படிவங்களிலும் வயதைக் கூட்டி எழுத வேண்டியிருந்தது. மொழிபெயர்ப்புக்குக் காசு வேண்டாம் என்றேன். அவள் கேட்கவில்லை. எண்ணி மேசையில் வைத்துவிட்டாள். சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டம் வந்ததும் நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"உங்களுக்கெண்டு ஒரு அட்ரஸ் உங்கட போனிலேயே செய்து தாறன். உங்களுக்கு நேரே வரும். என்னை நம்பியிருக்கத் தேவையில்லை" என்றேன்.

அவள் தொலைபேசியை நீட்டினாள். நான் வாங்கப்போகையில் பிடியை விடாமல், "இது சும்மா தாறதோ மிஸ்?" என்று கேட்டாள்.

"ஓம், சும்மாதான். காசில்லை."

தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அப்பிடியெண்டா வேண்டாம்" என்றாள். "காசு கட்டுறதாப் பாத்துச் செய்து தாங்கோ."