கைப்பிடியில் தொங்கிய வாட்ச்

புதுச் செருப்பு வாங்கினேன். பெட்டிக்குள் ஈரம் பிடிக்காமலிருக்க ஒரு சின்னப் பொட்டலம் போட்டிருப்பார்களே, அது கிழிந்து மணிகள் தரையெங்கும் சிதறிவிட்டன. பொறுக்கக் குனிந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சிதறியவை வெள்ளை மணிகள்தான். எனக்கு நினைவுக்கு வந்தவை நீலம்.

டிரான்ஸ்ஃபார்மரின் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குடுவை தொங்கும், பார்த்திருக்கிறீர்களா? டிரான்ஸ்ஃபார்மர் மூச்சு விடுவது அதன் வழியாகத்தான். உள்ளே இருக்கும் நீல மணிகள் காற்றின் ஈரத்தைக் குடித்துக் குடித்து ரோஜா நிறமாகிவிடும். அப்பா அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து பழைய இரும்புச் சட்டியில் வறுப்பார். வறுக்க வறுக்க மறுபடியும் நீலம். அம்மா மூக்கைப் பொத்திக்கொள்வாள். "கம்பெனில அடுப்பு இல்லியா? அந்தச் சட்டி இனிமே சமையலுக்கு நக்கோ." அம்மா பிறந்து வளர்ந்தது செகந்திராபாத் ரயில்வே காலனியில். கோபம் வந்தால் 'வேண்டாம்' போய் அந்த ஊர் உருதுவின் நக்கோ வந்துவிடும்.

அதே செகந்திராபாத்தின் லோத்குண்டாவில், சப் ஸ்டேஷனுக்குப் பின்தெருவில் எங்கள் வீடு. மின் விநியோக நிறுவனத்தில் அப்பா ஆபரேட்டர். எதற்கும் பட்டியல் போடுகிறவள் நான். இன்றைக்கும் காய்கறிச் சீட்டை அகரவரிசையில்தான் எழுதுகிறேன், சிரிக்காதீர்கள். அப்பாவின் அறையில் கேட்கும் சத்தங்களுக்கும் ஒரு பட்டியல் வைத்திருந்தேன்: டிரான்ஸ்ஃபார்மரின் ரீங்காரம், பல்லி, ஓயாத டெலிபோன், செல்வம் மாமாவின் பைக்.

செல்வம் மாமா லைன்மேன். அம்மாவின் காலனிக்காரர், அதனால் அவளுக்குத் தம்பி முறை. கம்பத்தில் ஏறுமுன் அந்த லைனை அணைத்து வைக்கச் சொல்லி ஆபரேட்டரிடம் எழுதி வாங்க வேண்டும். விதிப்படி கையெழுத்துப் போதும். அப்பாவும் மாமாவும் அதற்கு மேல் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். மாமா தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி, அணைத்த லைனின் சுவிட்சுக் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போவார். அவரே திரும்பி வந்து அதை எடுத்துக் கட்டிக்கொள்ளும்வரை அப்பா அந்தக் கைப்பிடியைத் தொடமாட்டார்.

"உசுரக் குடுத்துட்டுப் போனா உங்க வூட்டுக்காரரு மறந்துடுவாரு அக்கா. வாட்ச்சுன்னா மறக்க மாட்டாரு" என்பார் மாமா.

ஒரு கோடை மதியம் வாட்ச் தொங்கிக்கொண்டே இருந்தது. கேட்டுக்கு வெளியே கூட்டம். "ஏமண்டி, எப்புடு வஸ்துந்தி?" எப்போது வரும், எப்போது வரும் என்று ஒரே கேள்வி. பிளாஸ்டிக் குடம் செய்யும் பட்டறைக்காரர் கேட்டைப் பிடித்து உலுக்கினார். உருக்கிய பிளாஸ்டிக் மெஷினுக்குள் உறைந்துகொண்டிருந்தது, பாவம். அதிகாரி டெலிபோனில் கத்தினார்: "வேலை முடிஞ்சுதுன்னு எனக்கே போன் வந்தாச்சு. லைனைப் போடுய்யா!"

"வாட்ச் இங்கதான் சார் தொங்குது" என்றார் அப்பா.

கடைசியில் மாமா வந்தார், மிளகாய் பஜ்ஜி எண்ணெயை விரலிலிருந்து துடைத்துக்கொண்டே. "ஹவ், ஆமா, தப்புதான். பசி தாங்கல மாமா."

அப்பா நகர்ந்து, மாமா வாட்ச்சை எடுக்க வழிவிட்டார். அதைக் கட்டி முடிக்கும்வரை காத்திருந்து கைப்பிடியைத் திருப்பினார். தெருத்தெருவாகக் கூச்சல் எழுந்தது: "வச்சிந்தீ!" கரண்ட் வந்துவிட்டால் பிள்ளைகளெல்லாம் ஒரே குரலில் அப்படிக் கத்துவோம். அதைக் கேட்டால்தான் அப்பா தண்ணீர் குடிப்பார்.

தாமதம் என்று புகார் போனது. அப்பாவை ஊரின் மறுகோடியில், காஞ்சன்பாக் பக்கம் சாமான் ஸ்டோருக்கு மாற்றினார்கள். இனி, வேலை முடிந்ததும் குழுவில் ஒருவர் போன் செய்தால் போதும், உடனே லைனைப் போட்டுவிடலாம். இதில் தவறென்று எதைச் சொல்வது? வீட்டுக்கும் பட்டறைக்கும் சீக்கிரம் மின்சாரம் தரத்தானே நிறுவனம்.

அந்த மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு காலை. காற்றில் கிளை முறிந்து லைன்மேல் விழுந்து, கரண்ட் போயிருந்தது. அப்பா வீட்டில் சவரம் செய்துகொண்டிருந்தார். மாமா குழுவோடு போவதை அம்மா ஜன்னலில் பார்த்து, "இட்லி இருக்குடா, முடிச்சிட்டு வா" என்று கூப்பிட்டுச் சொல்லியிருந்தாள். கொஞ்ச நேரத்தில் ஃபேன் சுழன்றது. தெரு கத்தியது. நானும் தம்பியும் கட்டில்மேல் ஏறிக் குதித்துக் கத்தினோம்: "வச்சிந்தீ!"

அப்பா கண்ணாடியிலிருந்து திரும்பினார். பாதி முகத்தில் சோப்பு.

"செல்வம் இறங்கிட்டானா?"

"இறங்காமலா போடுவாங்க?" என்றாள் அம்மா.

சோப்போடு செருப்பில்லாமல் ஓடினார். பிரதான சாலையில் இருந்த இருவர் வேலையை முடித்து, எல்லாம் சரி என்று போன் செய்திருந்தார்கள். பின்சந்தின் கம்பத்தில் மாமா மிச்சக் கிளையை வெட்டிக்கொண்டிருந்தது அவர்களுக்குத் தெரியவில்லை. இறக்கிக் கிடத்தியபோது வாட்ச் அவர் கையிலேயே இருந்தது.

ஸ்டோரிலிருந்தும் மணிகளைக் கொண்டுவந்துகொண்டிருந்த அப்பா அதன் பிறகு வறுக்கவில்லை. சட்டி எங்கே போனதென்று தெரியவில்லை.

நான் படித்து அதே நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்க்கிறேன். லோத்குண்டா எனக்குத் திரையில் ஒரு கோடு. அந்த சப் ஸ்டேஷனில் இப்போது ஆளில்லை. பூட்டும் கேமராவும் இருக்கின்றன. கைப்பிடிக்குப் பதில் என் திரையில் ஒரு சதுரம். வாட்ச்சுக்குப் பதில் லைன்மேனின் போனுக்கு ஒரு எண் போகும். வேலை முடிந்ததும் அதைச் சொல்ல வேண்டும். யார் வாயிலிருந்து வந்தாலும் எண் எண்தான். நான் விதியில் இல்லாததையும் கேட்கிறேன்: "எல்லாரும் இறங்கிட்டாங்களா?" "இறங்கிட்டாங்க மேடம்." மறுபடியும் கேட்டால் எரிச்சலாகிறார்கள். பக்கத்து மேசைக்காரர் தாமதத்தைச் சுட்டிக் கடிகாரத்தைத் தட்டுகிறார்.

வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்துவிட்டது. கரண்ட் போனதும் தெரிவதில்லை, வந்ததும் தெரிவதில்லை. எந்தத் தெருவிலும் பிள்ளைகள் கத்துவதில்லை. கத்தாதவரைக்கும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று எண்ணிக்கொண்டு சதுரத்தை அழுத்துகிறேன். அழுத்திய பிறகு, ஃபேன் சுழலும் ஏதோ ஒரு வீட்டின் கட்டில்மேல், கம்பத்தில் யார் மிச்சமென்று தெரியாமல், நான்தான் குதித்துக்கொண்டிருக்கிறேன்.