கோட்டுக்குக் கீழே

பேருந்துக் கதவில் அரை டிக்கெட்டுக்கென்று ஓர் உயரக்கோடு இருந்தது. முட்டியை மடக்கி அதற்குக் கீழே நிற்கும் பிள்ளைகளைக் கண்டால் கண்டக்டருக்குப் பற்றிக்கொண்டு வரும். "பெத்த பிள்ளைக்குப் பொய்யாம்மா சொல்லிக் குடுக்கறது?" என்று தாய்மார்களை வறுத்தெடுப்பார். பொய் சொல்கிறவர்களுக்கெல்லாம் பிள்ளை, தனக்கு மட்டும் இல்லையே என்ற வயிற்றெரிச்சல்தான் அது. மனைவிக்குத் தெரியும்.

கடைசியில் காப்பகத்திலிருந்து ஒரு மகள் கிடைத்தாள். வீட்டுக்கு அழைத்துப்போக மூவருமாகப் பேருந்து ஏறினார்கள். மகளின் தலை கோட்டைத் தாண்டி நின்றது. அவர் கை தானாக அவள் உச்சியை அழுத்தியது. "கொஞ்சம் முட்டிய மடக்கும்மா."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்று பணியிலிருந்த இளைய கண்டக்டர் வாயைப் பிளந்தார். "அண்ணே, நீங்களா இது?"

"நான் இல்லப்பா," என்றார், நெஞ்சு லேசாகி. "இவ அப்பா."