கறிவேப்பிலைக்கு வடக்கே மூன்றடி

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்பு ஒரு டாக்டர் கட்டிய வீட்டைத் தருமபுரியில் வாங்கியிருக்கிறேன். தெருவிலேயே செப்டிக் டேங்க் உள்ள ஒரே வீடு.

இன்று அது நிரம்பிக் கொல்லையில் பொங்கிவிட்டது. மூடி எங்கே என்று தெரியாமல் கடப்பாரையால் நான்கு இடம் குத்திப் பார்த்தேன்.

மற்ற வீடுகளின் கக்கூஸ் வாளியை எடுக்கும் மாது என்ற பெரியவர் பின்சந்தில் போனார். அவரிடம் கேட்டேன்.

"கறிவேப்பிலைக்கு வடக்கால மூணடி தள்ளித் தோண்டுங்க சாமி. அந்தக் குழிய வெட்டுனதே நானுங்க."

தோண்டினேன். சரியாக அங்கேயே மூடிக்கல் இருந்தது.

"வூட்டுக்குள்ள வாங்க, தண்ணி குடிச்சிட்டுப் போலாம்" என்று சொல்லி, முன்கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தேன்.

மாது வரவில்லை. எட்டிப் பார்த்தேன்; பின்சுவரோரம் குனிந்து, தண்ணீருக்காகக் கைகளைக் குவித்தபடி நின்றிருந்தார்.

மறுபடி கூப்பிட்டிருக்கலாம். நான் சொம்பை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய், உயரத்திலிருந்தே ஊற்றினேன்.

நீங்களாவது வேறு மாதிரி செய்திருப்பீர்களா? யோசித்துச் சொல்லுங்கள்.