அறுபத்து மூன்று மனுக்களில் ஒரு கர்ப்பிணி

கண்டி நீதிமன்றத்துக்குப் பக்கத்தில், போட்டோக்கொப்பிக் கடைத் தாழ்வாரத்தில், கிளறன்ஸ் முப்பது வருடமாக மனு எழுதுகிறார். மூன்று மொழியிலும் எழுதுவார். ஆனால் தமிழருக்குச் சிங்களத்திலும் சிங்களவருக்கு ஆங்கிலத்திலும் எழுதுவதுதான் வழக்கம். கேட்கிறவரின் மொழி முக்கியமில்லை, வாசிக்கிறவர் எந்த மொழிக்கு மதிப்புக் கொடுப்பாரோ அதில் எழுத வேண்டும் என்பது அவர் கொள்கை. ஊருக்கெல்லாம் குழாயும் மின்சாரமும் கேட்டு எழுதிய மனிதர், தன் வீட்டுக் கூரை ஒழுகுவதைப் பற்றி வீட்டுக்காரருக்கு ஒரு வரி எழுதியதில்லை.

ஒரு புதன்கிழமை காலை தெல்தோட்டைக்கு மேலேயுள்ள குரங்குமலைத் தோட்டத்திலிருந்து செல்லச்சாமி வந்து நின்றார்.

"சார், நாங்க பாலமே கேட்டதில்லையாம். கம்பியூட்டர்ல எங்க மனு இல்லையாம்."

விஷயம் இதுதான். அந்த வருடம் ஓர் அரச அலுவலகம் நடைபாலங்கள் கட்டித்தர முன்வந்திருந்தது. எந்த ஊர் முதலில் கேட்டதோ அதற்கே முதலில். பட்டியல் அன்று மாலை நாலு மணிக்கு மூடப்படும். குரங்குமலையில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள் ஆற்றுக்கு ஒரு பக்கம். பள்ளிக்கூடம், மருந்தகம், தெரு எல்லாம் மறுபக்கம். பல வருடங்களுக்கு முன் பாலம் கேட்டு அவர்களுக்கு மனு எழுதியது கிளறன்ஸ்தான். செல்லச்சாமியின் பிரதியைக் கோயில் அலுமாரியில் கறையான் தின்றுவிட்டது. கிளறன்ஸ் பிரதி வைப்பதே இல்லை. வைத்தால் பிறகு அதற்குப் பதில் சொல்ல வேண்டிவரும்.

இருவரும் அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே நப்லா என்ற உத்தியோகத்தர், கெலிஓயாக்காரி, இரண்டு வருடம் பாடுபட்டு நாற்பதாயிரம் மனுக்களைக் கணினியில் ஏற்றியிருந்தார். எந்த மொழியில் கேட்டாலும் அது மூன்று மொழியிலும் தேடித்தரும்.

"குரங்குமலை" என்று தட்டினார். ஆயிரத்துச் சொச்சம் மனுக்கள் வந்தன. தேங்காய் பறித்த குரங்குகள், ஓடு பிரித்த குரங்குகள், கொடியில் காய்ந்த சட்டையைக் கொண்டுபோன குரங்கு. ஊர்ப்பெயரையும் மொழிபெயர்த்துவிடும் அளவுக்கு அந்தக் கணினி படித்திருந்தது.

"தோட்டம், பாலம்" என்று தட்டினார். அதிலும் இவர்களுடையது இல்லை.

கிளறன்ஸ் தொண்டையைச் செருமினார். "மகள், அதுல தோட்டம்னு இருக்காது. தோட்டம்னா கம்பெனிக்கிட்ட போங்கன்னு திருப்பி அனுப்பிருவாங்க. அதனால கிராமத்து மக்கள்னு போட்டேன்."

"எந்தக் கிராமம்?"

"அதயும் போடல்ல. தெல்தோட்டை பக்கம்னு மட்டும்."

"தமிழ்லயா?"

"சிங்களத்துல."

"அங்கிள், நீங்க மனு எழுதினீங்களா, ஒளிச்சு வெச்சீங்களா?"

நியாயமான கேள்வி. மனு உள்ளே நுழைய வேண்டும் என்பதற்காக ஊரின் பெயரையும் மொழியையும் தோட்டத்தையும் அவர் கவனமாகக் கழற்றி வைத்திருந்தார். அது நுழைந்தும் விட்டது. இப்போது தேடிப் பிடிக்கத்தான் காதோ வாலோ இல்லை.

மணி இரண்டரை. செல்லச்சாமி பையை மடியில் வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தையே பார்த்திருந்தார். எந்தச் சொல்லைப் போட்டால் மனு வரும் என்று கிளறன்ஸுக்குக் காலையிலேயே தெரியும். கூடவே என்னென்ன வரும் என்பதும் தெரியும்.

"கர்ப்பிணி, கதிரை, ஆறு," என்றார் மெதுவாக. "மூணையும் சேத்துப் போடுங்க மகள்."

அறுபத்து மூன்று மனுக்கள் வந்தன. சிங்களத்தில் முப்பத்தொன்பது, ஆங்கிலத்தில் பதின்மூன்று, தமிழில் பதினொன்று. நப்லா வாசிக்கத் தொடங்கினார். ஹுன்னஸ்கிரியவில் ஏழு மாதக் கர்ப்பிணியைக் கதிரையில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு ஆறு கடந்திருந்தார்கள். கம்பளைப் பக்கமும் அப்படியே. ஒரு மனுவில் மழை சேர்ந்திருந்தது, அடுத்ததில் அட்டைக்கடி, இன்னொன்றில் நடு ஆற்றில் கதிரைக் கால் முறிந்தது. ஆறே இல்லாத ஓர் ஊரில் அவளுக்காக வெள்ளம் வந்திருந்தது.

"அங்கிள், இந்தப் பொம்புள பதினாறு வருஷமா ஏழு மாசமாவே ஈக்கிறாங்களே!"

"சும்மா பாலம் வேணும்னு நான் எழுதினா யாரு மகள் வாசிப்பா?"

நப்லாவின் சிரிப்பு நின்றது. "அப்ப இவங்கட மனுவும் கட்டுக்கதைதானே?"

செல்லச்சாமி எழுந்துவிட்டார். கிளறன்ஸ் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "தேதிப்படி அடுக்குங்க. மொதல்ல வர்றத மட்டும் பாருங்க."

முதலில் வந்தது 2009 ஜூன். நாற்பத்தேழு கையொப்பங்களும் இரண்டு கைநாட்டும். அதில் மழை இல்லை, அட்டை இல்லை, எத்தனை மாதம் என்றுகூட இல்லை. 'ஒரு கர்ப்பிணியைக் கதிரையில் வைத்து ஆற்றைக் கடந்தோம்,' அவ்வளவுதான். நடந்ததற்கு ஒரு வரி போதுமாயிருந்தது. நடக்காததற்குத்தான் அரைப்பக்கம் தேவைப்பட்டிருக்கிறது.

முதல் கையொப்பம் தமிழில் இருந்தது: செல்லச்சாமி.

"அந்தக் கதிரையில இருந்தது என் சம்சாரங்க மிஸ்," என்றார் அவர். "அப்ப பொறந்த மக இப்ப பதினொண்ணாம் வகுப்பு. சாட்சிக்கு நாளைக்குக் கூட்டிட்டு வரவா?"

"நாளைக்கு எதுக்கு? நாலு மணிக்கு மூடணும்." நப்லா தேதியைப் பதிந்தார். பட்டியலில் குரங்குமலை மூன்றாவதாக ஏறியது.

"மத்த அறுபத்திரண்ட என்ன செய்ய, அங்கிள்?"

"அங்கயும் பாலம் இல்ல மகள். அதுல பொய் இல்ல. கதிரையிலதான் கொஞ்சம்..."

"சுற்றறிக்கையில தேதிய மட்டும் பாக்கச் சொல்லித்தான் ஈக்கி. போங்க, போங்க."

இருவரும் படியிறங்கினார்கள். தெருவுக்கு வந்ததும் செல்லச்சாமி நின்றார்.

"சார், அது எங்க தோட்டத் தலைவர் வீட்டுக் கதிரை. இத்தன ஊருக்குப் போயிருக்குன்னு அவருகிட்ட சொல்லணுமே."

"சொல்லிராதப்பா. என் மேல மனு குடுத்துருவாரு."

"எழுதித் தர நீங்கதானே சார் இருக்கீங்க," என்றார் செல்லச்சாமி.