டிரைவர் ஜோயல் வெட்கத்தை விட்ட கதை

ஜோயல் டீயை நின்றுகொண்டேதான் குடிப்பார். காலை ஐந்தேகாலுக்குச் சுங்குவார்சத்திரம் நிறுத்தத்தில் கம்பெனி பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு இறங்குவார். கடைக்காரர் மரியாதைக்கு ஸ்டூலை நகர்த்திப் போட்டால், அதைக் காலாலேயே திருப்பித் தள்ளிவிடுவார். "உக்காரத்தான் எனக்குச் சம்பளமே குடுக்கறான். இங்க வந்தும் உக்காரணுமா நைனா?"

வயது ஐம்பத்திரண்டு. ஒரகடத்தில் உள்ள ஒரு தொழிற்சாலைக்குப் பதினாறு வருடமாக ஆள் ஏற்றிப் போகிறார். ஏறுகிற பெண்கள் எல்லோரும் அவருக்குப் 'பாப்பா'தான். சோற்று டப்பாவும் கையுமாக யாராவது ஓடிவருவது கண்ணாடியில் தெரிந்தால் வண்டியை எடுக்க மாட்டார். உள்ளே இருப்பவர்கள் முணுமுணுத்தால், "பஞ்ச் லேட்டானா அந்தப் பாப்பாவத்தான் சூப்பர்வைசர் கேப்பான், உன்ன இல்ல, கம்முனு இரு" என்பார்.

ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்று நிற்கிறது. மதியத்துக்குள் அதைக் காலி செய்துவிடுவார். இது ஒன்றரை வருடப் பழக்கம்தான். அதற்கு முன்பு ஷிப்டு முடியும்வரை தண்ணீரே தொட மாட்டார். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் இறங்கி ஒதுங்க முடியாது என்ற பயம். ராத்திரிக்குப் பரோட்டா. காலையில் கழிவறைக்குள் போனால் போனில் கிரிக்கெட் பார்த்தபடி அரை மணி நேரம். வேலை நடந்தாலும் நடக்காவிட்டாலும் அரை மணி நேரம்.

அந்த நாட்களில்தான் ரத்தம் வந்தது. முதல் தடவை இரண்டு சொட்டு. வெள்ளைப் பீங்கானில் சிவப்பாகக் கிடந்ததைப் பார்த்ததும் அவசரமாகத் தண்ணீர் ஊற்றினார். இன்ஜின் சூடு உடம்பில் ஏறிவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மோர் குடித்தார். வெந்தயம் ஊறவைத்துத் தின்றார். நின்றுவிட்டது. இரண்டு மாதம் கழித்து மறுபடியும் வந்தது, மறுபடியும் நின்றது. நின்றபோதெல்லாம் குணமாகிவிட்டது என்று நம்பினார். இப்படியே மூன்று வருடம்.

மனைவி மெர்சிக்கு விஷயம் தெரிந்தது கிணற்றடியில். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்துக்குப் புறப்படும் நேரத்தில், ஜோயல் தன் உள்ளாடையைத் தானே துவைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா இது புதுசா?"

"சும்மாதான்."

"கல்யாணமாகி இருவத்திமூணு வருசத்துல ஒரு கர்ச்சீப் தொவச்சதில்ல நீங்க."

ஜோயல் துணியைப் பிழிந்தார். மறுபடி நனைத்துப் பிழிந்தார். "ரத்தம் போவுது மெர்சி. இப்ப ரெண்டு மாசமா நிக்கவே இல்ல. சூடுதான்."

மெர்சி சத்தம் போடவில்லை. "உங்க அண்ணனும் சூடுன்னுதான் சொல்லினு இருந்தாரு. நாளிக்கு லீவு சொல்லுங்க" என்றார்.

மறைமலை நகரில் இருந்த அண்ணன் இறந்து ஏழு வருடம். மூலம் என்று நினைத்து ஒன்றரை வருடம் சூரணம் சாப்பிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போனபோது குடலில் இருந்த புற்று ஈரலுக்கும் பரவியிருந்தது. ஜோயல் அதை ஒருநாளும் மறக்கவில்லை. அந்த ஞாபகம்தான் அவரை டாக்டரிடம் போகவிடாமல் வைத்திருந்தது. போனால் அந்தப் பெயரைச் சொல்லிவிடுவார்கள். போகாதவரை அது வெறும் சூடு.

ஸ்ரீபெரும்புதூர் அரசு மருத்துவமனையில் அன்று இருந்தவர் ப்ரீதி என்கிற இளம் டாக்டர். பெண் என்று தெரிந்ததும் ஜோயல் திரும்பி வெளியே நடக்கப் பார்த்தார். மெர்சி வாசலை மறித்து நின்றார்.

"ரத்தம் என்ன நிறம்?" என்று கேட்டார் டாக்டர்.

"பிரேக் லைட்டு கலரு மேடம்."

டாக்டர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார். "மலத்தோட கலந்து வருதா, போய் முடிச்சப்புறம் சொட்டுதா?"

"சொட்டுது."

கறுப்பாகப் போகிறதா, எடை குறைந்ததா, வயிற்றுப்போக்கும் மலச்சிக்கலும் மாறி மாறி வருகிறதா, தலை சுற்றுகிறதா என்று கேட்டுக்கொண்டே போனார். எல்லாவற்றுக்கும் ஜோயல் இல்லை என்றார். குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்று இருந்ததா என்று கேட்டபோது மட்டும் மெர்சியைப் பார்த்தார். மெர்சி பதில் சொன்னார்.

திரைக்குப் பின்னால் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார்கள். கையுறை போட்ட விரலால் ஒரு பரிசோதனை. ஜோயல் சுவரைப் பார்த்தபடி, சிக்னலில் எண்ணுவதுபோல் மனதுக்குள் எண்ணினார். நாற்பதைத் தொடுவதற்குள் முடிந்துவிட்டது. இதற்காகவா மூன்று வருடம் என்று அவருக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

"முக்கிப் போறவங்களுக்கு இப்படிச் சிவப்பா சொட்டினா பெரும்பாலும் மூலம், இல்லன்னா ஆசனவாய்ல வெடிப்பு" என்றார் டாக்டர். "உங்களுக்கும் மூலம் இருக்கு. ஆனா அதோட விட்டுட முடியாது. வயசு அம்பது தாண்டிடுச்சு, அண்ணனுக்கு வேற இருந்திருக்கு. கேமரா விட்டு உள்ள பாத்துடலாம்."

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அங்கே பரிசோதனைக்கு முதல் நாள் குடலைச் சுத்தம் செய்ய ஒரு மருந்தைக் கரைத்துக் குடிக்கச் சொன்னார்கள். "ரேடியேட்டர் கழுவுன மாதிரி கழுவிட்டாங்க" என்று இன்றைக்கும் சொல்வார். மயக்கம் தெளிந்து எழுந்தபோது, குடலில் வேர்க்கடலைப் பருப்பு அளவில் இரண்டு சின்னச் சதை வளர்ச்சிகள் இருந்ததாகவும், அப்போதே எடுத்துவிட்டதாகவும் சொன்னார்கள். அவற்றைச் சோதனைக்கு அனுப்பி, பத்து நாள் கழித்து முடிவு வந்தது. புற்று இல்லை. அப்படியே விட்டிருந்தால் பல வருடத்தில் புற்றாக மாறியிருக்கலாம். மூன்று வருடம் கழித்து மறுபடி வந்து பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.

அன்று திரும்பும் வழியில், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மெர்சியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். பூந்தமல்லி தாண்டியதும் பசிக்கிறது என்றார்.

இப்போது தட்டில் கீரையும் வாழைப்பழமும் உண்டு. கழிவறைக்குப் போகும்போது போனை மெர்சி வாங்கி வைத்துக்கொள்கிறார். ஐந்து நிமிடத்தில் வெளியே வருகிறார். மூலத்தின் தொந்தரவும் அடங்கிவிட்டது.

தொழிற்சாலைக்குப் பின்னால் பஸ்கள் நிற்கும் இடத்தில் டிரைவர்கள் கூடினால், ஜோயல் கூச்சமில்லாமல் இந்தக் கதையை எடுத்துவிடுவார். சாப்பிடுகிற நேரமா என்றெல்லாம் பார்ப்பதில்லை. முதலில் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தனியே வந்து கேட்க ஆரம்பித்தார்கள். அவர் மருந்து சொல்ல மாட்டார். "நான் டிரைவரு. கறுப்பா போச்சுன்னா, நிக்காம கொட்டுச்சுன்னா, தல சுத்துச்சுன்னா அன்னிக்கே ஓடு. சொட்டுதான்னாலும் மாசக்கணக்குல வச்சினு இருக்காத. போய் காட்டு." அவ்வளவுதான்.

போன மாதம் பிள்ளைப்பாக்கம் ரூட்டு ஓட்டும் நரசிம்மன் வந்தார். நாற்பது வயது இருக்கும். ஐந்து வாரமாக ரத்தம். சுவரில் எழுதியிருந்த மூல வைத்தியர் நம்பருக்குப் போன் செய்யலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

"ஆஸ்பத்திரியில பொம்பள டாக்டராமே ணா."

"எனக்கும் அவங்கதான் பாத்தாங்க. ஒரு நிமிசம்கூட ஆவல. நாளிக்கு எனக்கு வார லீவுதான். நானும் வரேன்."

மறுநாள் மருத்துவமனை வராந்தாவில் இருவரும் காத்திருந்தார்கள். நர்ஸ் வெளியே வந்து நரசிம்மன் பெயரைக் கூப்பிட்டார். நரசிம்மன் பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்துவிட்டார். மடியிலிருந்த ஹெல்மெட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். ஜோயல் குனிந்து, அந்த விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி, ஹெல்மெட்டை வாங்கித் தன் கையில் மாட்டிக்கொண்டார்.